வெயிலில் வைத்த லென்ஸ்

சரோஜம் நாலு மணிக்குப் போன் பண்ணுவாள். அதற்குள் நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சொல்வதில்லை என்றாவது தீர்மானித்துவிட வேண்டும். இரண்டும் முடியாமல் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு லென்ஸுக்குக் காவல் இருக்கிறேன். கைப்பிடிச் சுவரில் சப்பாத்தி பொதிகிற அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் லென்ஸை, பின்பக்கக் கண்ணாடி வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறேன். ஒரு வாரமாக இதே வேலை. காலையில் நான் கொண்டுவந்து வைப்பேன், சாயங்காலம் நானே எடுத்துப்போவேன். அவருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும். காக்கை தூக்கிப்போகாது, கனம் அதிகம். ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் கீழே கிரானைட் முற்றம். தட்டட்டுமே என்று முதல் நாள் நினைத்தேன். அடுத்த நாளும் நினைத்தேன். பிறகு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். முழுசாக இருந்தால்தான் காட்டிப் பேச முடியும். இதோ, இதுதான் என்று விரல் நீட்ட, கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பொருள் இது. நாளைக்கு வாங்குகிறவர் வந்து எடுத்துப்போய்விடுவார். இன்றைக்கு நாலு மணிக்குச் சரோஜம். இடையில் நான்.

முதல் நாள் கண்ணாடி பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. இப்போது எலுமிச்சை பிழிந்த தண்ணீர் அளவுக்குத் தெளிந்திருக்கிறது. இந்த மஞ்சளை அவர் பார்த்ததே இல்லை என்பதுதான் அதிசயம். கலர்ப் படம் வந்து சில வருடம் கழித்து அவர் எடுத்த கல்யாணப் பெண்களெல்லாம் காமாலை கண்டவர்கள் மாதிரி வந்தார்கள். வடசேரியில் ஒரு பெண்ணின் அப்பா ஆல்பத்தைக் கொண்டுவந்து ஸ்டூடியோ மேசையில் போட்டு, எம்மொவளுக்கு என்ன தீனமாடே என்று கேட்டார். இவர் திருநெல்வேலி லேப்காரனைப் பிடித்துக்கொண்டார். அவன் மருந்துத் தண்ணீரை மாற்றுவதே இல்லை, கஞ்சன், களவாணி. லேபை மாற்றினார். புது லேப்காரனும் களவாணி ஆனான். பேப்பர் சரியில்லை, ஃபிலிம் காலாவதி, பெண்ணே அந்த நிறம்தான். கடையை மூடுகிறவரை கண்ணாடியைக் கழற்றி ஒரு வெள்ளைத்தாளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தங்கள் கையில் இருக்கும் பொருளில் குறை இருக்கலாம் என்று தோன்றாத வீடு இது. கொச்சியில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய ஜப்பான் லென்ஸ், அவருக்கு அதுவும் பெருமாள் சிலையும் ஒன்றுதான். என்னைப் பெண்பார்க்க வந்தபோதும் அது அவர் கழுத்தில் தொங்கியது. என் அண்ணன் அதைத்தான் முதலில் பார்த்தான், மாப்பிள்ளையைப் பிறகுதான் பார்த்தான்.

அதை வாங்குகிறவர் ஜாஸ்பர் என்று ஒரு தக்கலைக்காரர், பெங்களூரில் விளம்பரப் படம் எடுக்கிறாராம், பழைய லென்ஸ் என்றால் பைத்தியம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அங்கிள், இது வெயில்ல வச்சா தெளிஞ்சுரும், ஒரு வாரம் வையுங்க, அடுத்த வாரம் நானே வந்து எடுத்துக்கிடுதேன் என்றார். இவர் அதன் மூடியைத் தேடி உள்ளே போனார். மூடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தேடட்டும் என்று காப்பியைக் கொண்டுவைத்தேன். ஜாஸ்பர் பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து லென்ஸின் அருகே வைத்தார். காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி படபடவென்று சத்தம். என்னது மக்ளே இது என்று கேட்டேன். தோரியம் கண்ணாடியாக்கும் ஆன்ட்டி என்றார், குழந்தையின் பேரைச் சொல்கிற மாதிரி. வெளிச்சத்தை நல்லா வளைக்கும்னு அந்தக் காலத்துல கண்ணாடி உருக்கும்போதே கலப்பாவ, அது உள்ள கெடந்து கதிர் விட்டு விட்டு, கண்ணாடியே மஞ்சளாப் போவும். நான் ஒரு அடி பின்னால் போயிருப்பேன் போல. அவர் கருவியை ஒரு முழம் இழுத்துக்கொண்டார். கடுகு அடங்கியது. பாத்தியளா, இவ்வளவுதான், கண்ணுல ஒட்ட வச்சுக்கிட்டு ராப்பகலா இருந்தா வேணும்னா யோசிக்கணும், அலமாரியில இருந்தா ஒண்ணுமே இல்ல. பிறகு விளையாட்டாக வாசல்படிக் கல்லில் வைத்தார். அங்கேயும் வெடித்தது, கொஞ்சம் நிதானமாக. உங்க கிரானைட்டும் பேசுது ஆன்ட்டி.

தோரியம் எங்கேயிருந்து வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன். நல்ல ஆளு நீங்க, நம்ம கடற்கரை மணல்லதானே இருக்கு, என்றார். நீங்க எந்த ஊரு? சொன்னேன். மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடலிலிருந்து இரண்டு தென்னந்தோப்பு தள்ளி. சிரித்தார். அப்போ இது உங்க சொந்தக்காரனாக்கும், இந்தக் கண்ணாடியில உள்ளது எந்த நாட்டு மணலோ ஆருக்குத் தெரியும், ஆனா சாமான் அதுதான். அப்போ மணலும் இதைப்போல ஒண்ணும் செய்யாதா மக்ளே என்றேன். அவர் காப்பியைக் குடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். லென்ஸைப் பத்தி நான் சொல்லுவேன் ஆன்ட்டி, மணலைப் பத்தி எனக்குத் தெரியாது, அதுல கெடந்து வாழுற ஆளுகளை அளந்து பாத்து டாக்டர்மாருதான் சொல்லணும். நல்ல பிள்ளை. தெரியாது என்று ஒரு ஆண் சொல்லி நான் இந்த வீட்டுக் கூடத்தில் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குள் இவர் மூடியோடு வந்துவிட்டார், பேச்சு மூடிக்கு மாறிவிட்டது.

சொந்தக்காரன். ஒரு வாரமாக இந்தச் சொல்லோடுதான் மாடி ஏறி இறங்குகிறேன். எங்கள் மணல் காலையில் சாம்பல், மழைக்குப் பிறகு கறுப்பு, கறுப்புக்கு நடுவே தேன் நிறத்தில் பொடிப்பொடியாக மணிகள். நாங்கள் அதில் படுத்தோம், எழுதினோம், அதைப் போட்டுப் பாத்திரம் தேய்த்தோம். அம்மை எண்பது தாண்டி, கிணற்றடியில் வழுக்கி விழுந்துதான் செத்தாள். எதிர்வீட்டு அக்காள் நாற்பதில் மார்பில் கட்டி வந்து செத்தாள். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்கள் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அவரவர்க்கு வேண்டியதை. கல்யாணமான வருடம் ஒரு பத்திரிகைக்காரர் அந்த மணலைப் பற்றிக் கட்டுரை எழுதினார், படம் வேண்டும் என்று இவரைக் கேட்டார். உனக்க ஊருதானே, வழி காட்டு என்று ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிப்போனார். எனக்கு மூன்றாம் மாதம். கேமராப் பை குலுங்கக் கூடாது என்று மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். போகவர மடியில் வைத்திருந்தேன். குலுங்கவில்லை. நான் குலுங்கினேன், அது குலுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது, படத்துக்குக் கீழே இவர் பெயர். பெயர் வந்ததால் தன் அம்மைக்கு, என் மாமிக்கு, உரக்க வாசித்துக் காட்டினார். கதிர்வீச்சு, புற்றுநோய், ஊனம் என்று வரிசையாக வந்தது. மாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். அந்தக் கட்டுரையின் கடைசி வரி, மேலும் ஆய்வு தேவை என்பது. நான் மத்தியானம் தனியாக இருந்து வாசித்தேன். கடைசி வரிவரை இந்த வீட்டில் வேறு யாரும் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மாமி என் டிரங்குப் பெட்டியை முற்றத்தில் கவிழ்த்து ஒவ்வொரு சேலையாக உதறினார். பெட்டியின் மூலையில் கொஞ்சம் மணல் இருந்தது. எந்தப் பெட்டியில் இருக்காது? பாத்தியாலே என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஆள் யார் வந்தாலும் கேட்டுக்குப் பக்கத்தில் வாளியும் செம்பும். கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் கழுவுவோமே, அதுபோல. அப்பா வேட்டியைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிக்கொண்டு கழுவுவார். அவர்கள் போன பிறகு மாமி பெருக்குவார். ஏழாம் மாதம் என்னைக் கூட்டிப்போக வேன் பிடித்து வந்தார்கள், முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் கூடை கூடையாக. கூடையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். என்னை அனுப்பவில்லை. மொதப் பேறு அம்மைக்க வீட்டுலதான், அது முறையில்லையா என்று அப்பா கேட்டார். முறைதான் சம்பந்தக்காரரே, மணலுக்கு முறை தெரியுமா என்றார் மாமி. இவர் அங்கேதான் நின்றார், லென்ஸின் தூசியை ஊதிக்கொண்டு. வேன் திரும்பும்போது அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அண்ணனின் மகள்தான் ஷைனி, இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அப்போது அவள் இல்லை, அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் ஷைனி என்னும்போது அந்த வேனின் பின்பக்கம்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது.

ஷைனி காலையில் பேசினாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியிருக்கிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் பாதி புரியவில்லை. அத்தே, அம்மை வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போக வாறா, இவிய அனுப்ப மாட்டேங்காவ, மணலுன்னு சொல்லுதாவ. ஆரு சொல்லித்தந்தா என்று கேட்டேன். ஆரு சொல்லணும் அத்தே, அது எல்லாருக்கும் தெரியும்லா. மாமாவைச் சாயங்காலம் கேப்பாவளாம், மாமா ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ. கேட்பார்கள். அவளுடைய மாமியார் சரோஜம் இவருக்குச் சித்தப்பா மகள், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே இவர்தான். கடற்கரைக்காரி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நகை பேசும்போது மணல் தெரியாது. அழுகிறாயா என்று கேட்டேன், இல்லை அத்தே, தண்ணியாக்கும் என்றாள். பிறகு, எனக்கு அம்மை பக்கத்துல வேணும் அத்தே, அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல என்றாள். அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மாமிக்குச் சிநேகிதியான நர்ஸம்மா வீட்டுக்கே வந்து என் பிரசவத்தைப் பார்த்தாள். படுக்கையறையில், எங்கள் கட்டிலில். கட்டிலின் தலைமாட்டில் லென்ஸ் வைக்கிற மரப்பெட்டி இருந்தது. நாகர்கோவில் மழைக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பெட்டிக்குள் ஒரு சின்னப் பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருப்பார், ஸ்டூடியோக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். பெட்டியின் இடுக்கு வழியே அந்த வெளிச்சம் என் தலையணையில் ஒரு கோடாக விழும். வலி வரும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெட்டிக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு முழம் இருக்குமா? இந்த வாரம் அளந்து பார்த்தேன், கட்டில் இப்போதும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. முழம் இல்லை. சாண், அதற்குமேல் நாலு விரல். அம்மை தகவல் கேட்டு ஓடிவந்தாள். கால் கழுவினாள். சேலையையும் மாற்றிக்கிட்டு வாங்க என்றார் மாமி. அம்மை மாற்றுச் சேலை கொண்டுவரவில்லை. இந்த வீட்டில் அலமாரி நிறையச் சேலை. ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் வெளிவராந்தாவில் உட்கார்ந்து நான் கத்துவதைக் கேட்டாள். நான் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் கேட்கிறாள் என்று. கத்தாமல் பெறுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்பிள்ளை. மூக்கு அவருடையது. மூன்றாம் நாள் உதடு நீலமாகப் போய், டாக்டரிடம் தூக்கி ஓடினோம், நெஞ்சில் ஓட்டை என்றார். ஓடியதற்குப் பலன் இல்லை. காரணம் என்ன டாக்டர் என்று இவர் கேட்டார். சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் வரும், காரணம்னு ஒண்ணு சொல்ல முடியாது என்றார். காரணம் எனக்குத் தெரியும் என்றார் மாமி, டாக்டர் முன்னாலேயே. அவ்வளவுதான், அது காரணமாகிவிட்டது. பிறகு பிரதீப் பிறந்தான், அதே கட்டில், அதே பல்பு வெளிச்சம், நாலு கிலோ, இப்போது மஸ்கட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். அதற்குக் காரணம் மாமியின் கவனிப்பு. கெட்டது நடந்தால் மணல், நல்லது நடந்தால் மாமி. மாமி போய்ச் சேர்ந்தார். காரணம் மட்டும் இங்கேயே இருக்கிறது, இவர் அதைத் துடைத்து வைத்துக்கொள்கிறார்.

இப்போது என் கையில் ஒரு காரணம் வந்திருக்கிறது, என்ன செய்ய? கீழே போய், மணலிலிருந்து என்னைக் காப்பாத்துறேன்னு சொல்லி உங்க அம்மை என்னைத் தோரியத்துக்கு அடியிலதான் படுக்க வச்சா என்று சொல்லலாம். எவ்வளவு நன்றாக இருக்கிறது கேட்க. ஒரு வாரமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், பாயசம் மாதிரி இறங்குகிறது. ஆனால் அது பொய். பொய் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை, உண்மை என்று சொல்லவும் வழியில்லை, ஒரு முழம் தள்ளினால் கடுகு அடங்கிவிடுகிறது, சாணில் எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? மாமி என் மணலுக்குச் செய்ததை நான் அவருடைய கண்ணாடிக்குச் செய்யலாம். ஆள் இருக்கிறது, பொருள் இருக்கிறது, பிள்ளை செத்திருக்கிறது, முடிச்சுப் போட எவ்வளவு நேரம்? வேண்டாம். பிள்ளை பாவம், எத்தனை பேர்தான் அதைக் கல்லாக எடுத்து எறிவது. எனக்கு வேண்டியது வேறு. இதுவும் அதுவும் ஒரே சாமான், இதைத் தலைமாட்டில் வைத்து நாம் எல்லாரும் உயிரோடுதானே இருக்கிறோம், அப்படியானால் மணலின்மேல் மட்டும் பழி போட்டது சரியில்லை, இதைத்தான் அமைதியாகச் சொல்ல வேண்டும். அவர் யோசிப்பார். யோசித்தால் ஒரு வார்த்தை சரோஜத்திடம் சொல்வார், அந்தப் பிள்ளை போய்ச் சேரும். யோசிப்பாரா? அந்த லேப்காரன் நினைவு வருகிறான். இல்லை, யோசிப்பார், வயதாகிவிட்டது, போன மாதம்கூட நான் சொன்னேன் என்று கேஸ் அடுப்பை மாற்றினார். கேஸ் அடுப்பும் இதுவும் ஒன்றா? வெயில் சுவரைவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. லென்ஸைத் தொட்டேன், சுட்டது. முந்தானையில் பொதிந்து எடுத்துக்கொண்டேன். மடியில் வைத்து எடுத்துப்போனவள்தானே.

அவர் எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார், காதில் மிஷினைச் சொருகிக்கொண்டு. வெயில் போச்சா என்றார். போகல்ல, ஒரு விஷயம் சொல்லணும். மேசையில் லென்ஸை வைத்தேன். சொன்னேன். ஜாஸ்பர் கருவி வைத்துப் பார்த்ததை, கடுகு சத்தத்தை, தோரியத்தை. எப்பம் பாத்தாரு? நீங்க மூடி தேடப் போனப்பம். எனக்கிட்ட ஏன் காட்டல்ல? அதை அவரிடம் கேளுங்க என்றேன். பிறகு, நான் ஒத்திகை பார்த்த மாதிரியே, குரல் உயராமல், இதுல உள்ளதும் எங்க ஊரு மணல்ல உள்ளதும் ஒரே சாமான்தான், இது இத்தனை வருசம் நம்ம தலைமாட்டுல இருந்துது, நீங்க கண்ணுல வச்சுக்கிட்டே வாழ்ந்திய, உங்களுக்கும் ஒண்ணும் ஆகல்ல, பிரதீப்புக்கும் ஒண்ணும் ஆகல்ல, அப்படின்னா மணலு மேல பழி போட்டது சரியா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க என்றேன். அவர் லென்ஸை எடுத்தார். தெளிந்திருந்த கண்ணாடி வழியே ஜன்னலைப் பார்த்தார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

அம்மைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு என்றார். என்னது? மூணாங்கிளாஸு படிச்சவ, கதிரு கிதிருன்னு ஒண்ணும் தெரியாது, ஆனா அந்தச் சாமான் ஆகாதுன்னு அப்பமே சொன்னா, நாம ஆரும் முழுசா நம்பல்ல, இப்பம் மிஷினே சொல்லுது பாரு. மிஷினு சொன்னது உங்க லென்ஸை என்றேன். லென்ஸுக்குள்ள உள்ளது என்னது, இப்பம் நீதானே சொன்னே, உங்க ஊரு மணலு. நான் வரதுக்கு முன்னமே இது உங்க கையில இருந்துதே என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதைத்தான் நானும் சொல்லுதேன் என்று சிரித்தார், ஒனக்கு முன்னமே ஒனக்க மணலு இந்த வீட்டுக்கு வந்து சேந்துட்டு, ஜப்பானெல்லாம் சுத்திட்டு வந்து எனக்க கேமராவுல இருந்திருக்கு கேட்டியா. எதிலும் அவருக்குக் கோபமில்லை. நல்ல வேடிக்கை ஒன்று கிடைத்த சந்தோஷம். லேப்காரன்களை மன்னிக்கவில்லை, கண்ணாடியை மன்னித்துவிட்டார், ஏனென்றால் அதுவும் கண்ணாடியின் குற்றமில்லை. நான் மாடியிலேயே இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் சரோஜத்திடம் ஏதோ மழுப்பியாவது பேசியிருப்பார். இப்போது கையில் அத்தாட்சி இருக்கிறது, நானே படியிறங்கி வந்து முந்தானையில் பொதிந்து கொடுத்த அத்தாட்சி. போன் அடித்தது.

அவருக்குக் காது கேட்காது என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அண்ணே, சொகமா இருக்கியளா என்றாள் சரோஜம், மூச்சு மாற்றாமல், ஷைனி காரியம் என்ன செய்யட்டும், நீங்க என்ன சொல்லுதியளோ அதுதான். அனுப்பாண்டாம் சரோஜம், இது இப்பம் மிஷின் வச்சே பாத்தாச்சு, எனக்க வீட்டுலயே வச்சுப் பாத்தாச்சு என்று இவர் தொடங்கினார். நான் போனை அவர் கையிலிருந்து எடுத்தேன். பிடுங்கவில்லை, எடுத்தேன், உப்பு டப்பாவை எடுக்கிற மாதிரி. அவர் வாய் திறந்தபடி இருந்தது. நான் கனகபாயாக்கும் என்றேன். சொல்லுங்க மைனி. சரோஜம், நான் மணலு ஒரு தரிகூட இல்லாத வீட்டுலதான் பெத்தேன், மாமி என்னை எங்க வீட்டுக்கு அனுப்பல்ல, பிள்ளை மூணு நாளுதான் இருந்துது. இதை நான் யாரிடமும் இப்படி ஒரே வரியில் சொன்னதில்லை. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், எதிர்ப்பேச்சு இருக்காது என்று அந்த ஒரு நொடி நம்பினேன். சரோஜம் தொண்டையைச் செருமினாள். கேக்கவே கஷ்டமா இருக்கு மைனி, ஆனா கல்யாணத்துக்கு முன்னமே உங்க ஒடம்புல ஏறியிருக்கும்லா, சின்னதுலயிருந்து அங்கதானே கெடந்திய. துவேஷம் இல்லாமல் சொன்னாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. இவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்களிடம் மணலைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. கருவி, டாக்டர், கடைசி வரி, ஒன்றும் இந்தக் கதவைத் திறக்காது. இது வேறு பூட்டு. இந்த வீட்டில் இவ்வளவு காலம் இருந்து நான் வேறு எதைப் படித்தேன்? அப்படின்னா ஷைனிக்க ஒடம்புலயும் ஏறியிருக்கும் என்றேன். ஏறியிருக்கும், என்ன செய்ய, என்றாள் சரோஜம். ஏறினது ஏறியாச்சு, இனி ரெண்டு மாசம் அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன என்றேன். இருந்தாலும் மைனி என்று இழுத்தாள். இருந்தாலும் இல்ல சரோஜம், நான் சொல்லுதைக் கேளு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னு வையி, அவ அம்மைக்க வீட்டுல வச்சு ஆனா பழி அவியளுக்கு. உனக்க வீட்டுல வச்சு ஆனா நீ ஆரைச் சொல்லுவே? பக்கத்தில் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. அவர்களும் ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கிறார்கள், ஷைனி அங்கேதான் நிற்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அத்தை வாயால், அவளுடைய வயிற்றைப் பற்றி. நிறுத்தலாமா என்று இருந்தது. நிறுத்தினால் வேன் அப்படியே திரும்பிவிடும். நல்லா யோசிச்சுக்கோ என்றேன். சரோஜம் யோசித்தாள். இதை அவளால் யோசிக்க முடிந்தது. அது சரிதான் மைனி, எனக்குத் தோணல்ல பாருங்க. அப்போ வெள்ளிக்கிழமை வரச் சொல்லட்டா என்றேன். வரச் சொல்லுங்க, நல்ல நேரம் பாத்து அனுப்பி வைக்கேன். அத்தே என்று ஒரு குரல் தூரத்தில் கேட்டது, அதன் அர்த்தம் எனக்குப் பிடிபடுவதற்குள் வைத்துவிட்டார்கள்.

போனை மேசையில் வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, கொஞ்சம் கனிவாகக்கூட. இத்தனை வருசத்துக்குப் பெறகு இப்பமாவது மணலுதான்னு நீயே ஒத்துக்கிட்டியே என்றார். நான் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஷைனி அந்த வீட்டுப் படியிறங்குகிறவரை மறுக்கப்போவதுமில்லை.